இரண்டரை அடிக் கதவு

1

இந்தக் கதை என் பேண்டின் இடுப்பில் பிறந்தது. உட்கார்ந்து எழுதி எழுதிப் பெருத்துவிட்டேன். பிரித்துவிடக் கொண்டுபோனபோது தையல்காரர், "கவலைப்படாதீங்க, உள்ள துணி விட்டுத்தான் தச்சிருக்கேன்" என்றார். அடுத்த மாதம் கடையை மூடுகிறாராம். மலையில் அவரும் மனைவியும் தங்கள் கையாலேயே மரவீடு கட்டுகிறார்களாம். மனைவி ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் சொன்னது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி விலகாத காலையில், பள்ளத்தாக்கின் மடியில்...'

(வேண்டாம். பனியை வைத்தே மூன்று பத்தி ஓட்டிவிடுவேன். வீடு எழும்பாது.)

அடுத்தது: 'மூன்று சுவர் ஏறிவிட்டது. நான்காவதில் கதவு வரவேண்டும். சண்டையும் அங்கேதான் வந்தது.'

இது உருப்படும். இதிலேயே போவோம்.

தையல்காரர் இரண்டரை அடி போதும் என்றார். வாசல் சின்னதாக இருந்தால்தான் அடுப்புச் சூடு உள்ளே தங்கும். நர்ஸ் மூன்றரை அடி கேட்டார்.

"யானையா வளக்கப் போறோம்?"

"ஸ்ட்ரெச்சர் நேரா வரணும்."

தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "வீடே முடியலை. அதுக்குள்ள என்னைத் தூக்கிட்டுப் போக வழி பாக்கறியா?"

"உங்களையோ என்னையோ, யார் கண்டா? முப்பத்தாறு வருஷம் பாத்தாச்சு. வாசல்ல ஆளைச் சாய்ச்சு, நிமித்தி, முட்டியை இடிச்சு... நோயில பாதி வலின்னா வாசல்ல பாதி. போறதுக்கு மட்டுமில்லைங்க. சக்கர நாற்காலியில திரும்பி வரதுக்கும் அதான் வழி."

"வாயில நல்ல வார்த்தையே வராதா நர்ஸம்மா?"

"மூணரை. இல்லைன்னா நான் பொண்ணு வீட்டோட இருந்துக்கறேன். நீங்க இங்க தனியா சூடு காஞ்சுக்குங்க."

மறுநாள் காலை பையோடு பஸ் ஏறிவிட்டார்.

* ஓர் அடிக்காகப் பெண்டாட்டி கிளம்பிப் போவாளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இத்தனை நாள் இருந்ததே அதிகம்" என்றாள். நர்ஸை மாற்றவில்லை.

3

தையல்காரர் தனியாளாக நான்காவது சுவரை ஏற்றினார். நான் முடிவு தேடினேன்.

'ஏணி சறுக்கியது. தூக்க வந்தவர்கள் வாசலில் திணற...'

(அடித்துவிட்டேன். தொடர்கதை எழுதிப் பழகிய கைக்கு ஆளைக் கீழே தள்ளுவது சுலபம்.)

'தவறை உணர்ந்த அவர், கண்ணீர் மல்க...'

(யார், இவரா? காலர் கோணலாகத் தைத்த அன்றுகூட, "உங்க கழுத்துதான் கோணல்" என்று என்னிடம் சாதித்தவர்.)

அப்படியானால் இவர் எப்படித்தான் இறங்கிவருவார்? நான்கு நாள் பேனா நகரவில்லை. ஐந்தாம் நாள், பிரித்துத் தந்த பேண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வந்துவிட்டது.

4

பஸ் ஏறிப் போன பதினோராம் நாள் நர்ஸ் தன் மிச்சத் துணிமணியை எடுத்துப்போக மலையேறி வந்தார். கதவு மாட்டியிருந்தது. அளந்து பார்த்தார். இரண்டரை அடி. இம்மிகூட அதிகமில்லை.

அப்படியே திரும்பிப் போயிருப்பார். ஆனால் காயம் பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? கதவுக்கு இரு பக்கமும், மேலிருந்து கீழ்வரை, பக்கத்துக்கு ஓர் அகலப் பலகை. வீடு முழுக்க ஆணி. இந்த இரண்டில் மட்டும் திருகாணி. தட்டினார். பின்னால் தூண் எதுவும் இல்லை, வெற்றுச் சத்தம்.

தையல்காரர் மரத்தூள் அப்பிய சட்டையோடு வந்து நின்றார்.

"டெய்லரே, உள்ள எவ்வளவு விட்டிருக்கீங்க?"

"பக்கத்துக்கு அரை அடி."

"பிரிக்க?"

"கால் மணி நேரம். அகலக் கதவும் செஞ்சு கட்டிலுக்கடியில வெச்சிருக்கேன்."

நர்ஸ் அவர் சட்டைப் பையிலிருந்த திருப்புளியை உருவிக்கொண்டார்.

5

நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். நர்ஸ் இப்போதே பிரிக்கத் தொடங்குவாரா? இல்லை, பை இன்னும் தோளிலேயே தொங்க, கைக்கெட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்துத் திருப்புளியை அதில் மாட்டிவிட்டு, "குளிருது, கதவைச் சாத்துங்க" என்பாரா? எனக்கு ஒன்று தோன்றுகிறது. சொல்லமாட்டேன்.

வீடு நிற்கும், அதற்கு நான் பொறுப்பு. முடிவில் இரண்டு பக்கமும் அரை அடி விட்டிருக்கிறேன். திருப்புளி உங்கள் கையில்.