தள்ளாடிய டிரக்

தானியக் கிடங்கின் காப்பி மேசையில் காலையில் போட்ட சேதி மதியத்துக்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிடும். டகோட்டா சமவெளிக் காற்றுக்கே அந்த வேகம் கிடையாது. வெர்லின் ஹாஃப்ஸ்டாட் இதை அறியாதவர் அல்ல, அறிந்தேதான் போட்டார். பகடை உருட்டித் தோற்றவர், எல்லோருக்கும் காப்பி வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், யாரும் கேட்காமலேயே வாயைத் திறந்தார்.

“நம்ம கர்ட்டிஸ் மறுபடி ஆரம்பிச்சுட்டான் போலருக்கு. நேத்து என் டிரக்க ஓட்டிட்டுப் போறான், பின்னாடியே வர்றேன். பாம்பு மாதிரி நெளியுறான்.”

கர்ட்டிஸ் வேறு யாருமல்ல, அவர் மனைவி மார்லிஸின் தம்பி. குடியை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை அப்போதுதான் கைக்கு வரவிருந்தது. அந்த வாரமே பள்ளியிலிருந்து, “அப்புறம் சொல்றோம்” என்று பதில் வந்தது.

“ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது மச்சான், ஷாக் அப்சார்பரப் பாருங்க” என்று கர்ட்டிஸ் முன்பே சொல்லியிருந்ததை மட்டும் வெர்லின் மேசையில் சொல்லவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் என்று நினைத்துக்கொண்டார். கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கர்ட்டிஸ் உதவிக்கு வருவது நின்றதும், வேலிக் கம்பங்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வெர்லினே போக வேண்டியதாயிற்று. பாலத்தில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதுதான் தாமதம், முன்சக்கரங்கள் உதறின, ஸ்டியரிங் கையைப் பிடுங்கியது, வண்டி நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டு வந்தது. ஓரமாய் நின்றிருந்த ஷெரிஃபின் போலீஸ்காரன் வண்டி விளக்கைச் சுழலவிட்டான். தேவாலயத்தில்கூடத் திராட்சை மது வேண்டாம், பழச்சாறு கொடுங்கள் என்று கேட்டு வாங்குகிற மனிதர், சாலையோரத்தில் நின்று குழாயில் ஊதினார். கடந்துபோன வண்டிகளெல்லாம் வேகம் குறைத்தன. ஊரில் அவருக்கு அவ்வளவு மரியாதை.

“ஒண்ணும் இல்லையே பெரியவரே” என்றான் அவன், சற்று ஏமாற்றத்தோடு. பிறகு குனிந்து பார்த்தான். “ஷாக் எல்லாம் எண்ணெய் ஒழுகிக் கெடக்கு. இத இப்படியே எத்தன நாளா ஓட்டுறீங்க?”

வெர்லினுக்குக் காதுவரை சூடேறியது. கர்ட்டிஸ் சொன்ன நாளிலிருந்து எண்ணிப் பார்த்தார்.

புது ஷாக்குகளை வாங்கி வந்து, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றத் தொடங்கினார். சக்கரங்களுக்கு அருகில் நிற்பவற்றையும், ஸ்டியரிங் உதறாமல் பிடித்துக்கொள்ளப் படுக்கை வசமாக இருக்கும் சின்ன ஷாக்கையும் துருவோடு மல்லுக்கட்டிக் கழற்றிவிட்டார். புது ஷாக்கை அமுக்கி, பட்டை போட்டுக் கட்டியிருப்பார்கள். மாட்டிய பிறகுதான் பட்டையை அறுக்க வேண்டும். அவமானத்துக்கு எப்போதும் அவசரம். எல்லாப் பட்டைகளையும் முதலிலேயே அறுத்துவிட்டார். ஒவ்வொன்றும் நீண்டு விறைத்து நின்றது. ஒற்றை ஆளாக அமுக்கி மாட்ட முடியவில்லை.

மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

கர்ட்டிஸ் வந்து, வண்டிக்கு அடியில் அவர் பக்கத்தில் படுத்தான்.

“பட்டைய முன்னாடியே அறுத்துட்டீங்களா?”

“ஆமா.”

“சரி, நான் அமுக்கறேன். துளைக்கு நேரா வந்ததும் போல்ட்டத் தள்ளுங்க. என் வெரல நசுக்கிடாதீங்க. பஸ் ஓட்டாட்டியும் சோறு திங்க அது வேணும்.”

எல்லாம் மாட்டி முடியும் தறுவாயில், கழற்றிப் போட்ட ஸ்டியரிங் ஷாக்கைக் கர்ட்டிஸ் கையில் எடுத்தான். ஒற்றை விரலால் தண்டை அழுத்தினான். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் உள்ளே போய் அங்கேயே கிடந்தது. அதை வெர்லினுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தான். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெர்லின் கோபப்பட்டாவது தப்பித்திருப்பார்.

“கர்ட்டிஸ், அன்னிக்கு மேசையில நான்...”

“தெரியும் மச்சான். அன்னிக்கே தெரியும். அந்த ஸ்பேனரக் குடுங்க.”

மறுநாள் காப்பி மேசையில் வெர்லின் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: “கர்ட்டிஸ் குடிக்கல. என் வண்டியிலதான் ஷாக் போயிருந்துச்சு. நான் சொன்னது தப்பு.”

பகடை உருளுவது நின்றது. விதைக்கடை ஆர்லன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“வண்டி ஆடுனா ஆடட்டும். அவன்மேல வாசன வந்துச்சே. பக்கத்துல நின்னவன் நான்.”

“எப்போ?”

“நீ சொன்னதுக்கு அப்புறந்தான்.”

“என் வீட்டுக்காரி அவன் கையில பாட்டிலையே பாத்தாளாம்” என்றார் இன்னொருவர். “பொண்டாட்டியோட தம்பின்னு முட்டுக் குடுக்கற. உனக்கு நல்ல மனசுப்பா.”

பெற்றவர் மறுத்தாலும் பொய்க்கு வளர்ப்பவர்கள் கிடைத்துவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை, அந்த ‘நல்ல மனசு’தான் வெர்லினைக் குத்தியது. காப்பியைத் தொடாமல் கிளம்பி, நேரே பள்ளி அலுவலகத்துக்குப் போனார். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவள் ஆர்லனின் மனைவி ஜாய்ஸ்.

“வாங்க வெர்லின். உங்க மச்சினன் இப்போ என்ன பண்ணிட்டான்?”

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். “அவன் ஒண்ணும் பண்ணல. பண்ணது நான். இல்லாததச் சொல்லி அவன் பொழப்பக் கெடுத்துட்டேன். எழுதிக்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

ஜாய்ஸின் கை பேனாவுக்குப் போகுமுன் போனுக்குப் போனது. பிறகு எதிரே அவர் நிற்பது நினைவு வந்தவளாய் இழுத்துக்கொண்டாள்.

“பரவால்ல, ஊருக்கெல்லாம் போன் போடு” என்றார் வெர்லின், தரையைப் பார்த்தபடி. “நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீ சொன்னாலாவது நம்புவாங்க.”