வயலில் செத்த மான்

இங்கிலாந்து ராஜா வேட்டைக்கென்று ஒதுக்கிய காட்டோரத்தில், தர்ஸ்டனின் ஓட்ஸ் வயலில் ஒரு கலைமான் செத்துக் கிடந்தது. விலாவில் யாரோ விட்ட அம்பு. பயிரைத் தின்றபோது விரட்டக்கூட அனுமதியில்லாத மான், செத்தும் தொல்லை கொடுத்தது. குப்பைமேட்டில் புதைத்துவிடலாம் என்றான் தர்ஸ்டன். அவன் மனைவி ஹாவிஸ் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாய் தோண்டிப் போட்டா நாமதான் கொன்னோம்னு ஆயிடும். நீ எய்யவும் இல்ல, தின்னவும் இல்ல. போய்க் காட்டுக் காவக்காரங்கிட்டச் சொல்லிட்டு வந்துருய்யா."

போய்ச் சொன்னான். சுற்றியிருந்த நாலு ஊரையும் கூட்டி விசாரித்தார்கள். எய்தது யாரென்று எவருக்கும் தெரியவில்லை. வழக்கப்படி இறைச்சி தொழுநோயாளிகளின் விடுதிக்குப் போயிற்று. எய்தவன் அகப்படாததால், வயலுக்குச் சொந்தக்காரன் கோட்டைச் சிறைக்குப் போனான். காட்டு வழக்கு கேட்கும் நீதிபதிகள் வந்தால்தான் தீர்ப்பு. அவர்கள் எப்போது வருவார்கள் என்பது ராஜாவுக்கே வெளிச்சம்.

ஜாமீன் நிற்க ஆள் கிடைத்தால் வீட்டுக்கு விடுவார்கள். ஹாவிஸ் வீடுவீடாக ஏறி இறங்கினாள். அடுத்த வீட்டு ஆஸ்பர்ட் கதவைப் பாதிதான் திறந்தான்.

"ஒம் புருசனுக்கு நான் ஜாமீன் நின்னா, இந்த வருசம் எம் பன்னியக் காட்டுல மேய விடுவானா காவக்காரன்? போ தாயி."

சிறையில் சோறு போட மாட்டார்கள். அவளே வாற்கோதுமை ரொட்டி சுமந்து போவாள். தர்ஸ்டன் கம்பிக்குள்ளிருந்து விளைச்சலைப் பற்றி மட்டும் கேட்பான். ஒரு தடவையாவது, உன்னால்தான் இந்தக் கதி என்று திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை. அதுதான் அவளை அரித்தது. இரண்டாவது குளிர்காலத்தில் சிறைக்காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று.

அதற்கடுத்த கோடையில் நீதிபதிகள் வந்தார்கள். குமாஸ்தா தர்ஸ்டன் பெயரைக் கூப்பிட்டான். செத்துவிட்டான் என்றாள் ஹாவிஸ். அதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. அவன்மேல் குற்றமில்லை என்று ஊரார் சத்தியம் செய்தார்கள், ஆஸ்பர்ட்டும் சேர்ந்துதான். குற்றமற்றவன், விடுதலை என்றார் நீதிபதி.

ஹாவிஸ் நகரவில்லை. வாயிற்காவலன் அவள் தோளைத் தொட்டான்.

"அதான் ஜெயிச்சிட்டியே தாயி, இன்னும் என்ன நிக்கிற?"

"அவரப் போய்ச் சொல்லச் சொன்னது நான்தாங்க," என்றாள். "அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மானைத் துரத்தாமலிருக்க நாயின் நகத்தை வெட்டவேண்டும் என்ற சட்டத்தை மீறிய ஒருவனை, அடுத்ததாகக் கூப்பிட்டான்.