பத்துக்குப் பத்து

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தரும் சின்ன ஆபீஸில் தென்றலோடு சேர்த்து நான்கு பேர். ஒருவர் திறமைக்கு மற்றவர்கள் மார்க் போட வேண்டும் என்றார் மேனேஜர். மற்ற மூவரும் டீக்கடையில் பேசிவைத்து, தங்களுக்குள் பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டார்கள். எப்போதும் தப்பு கண்டுபிடிக்கும் தென்றலுக்கு மூன்று. அவளோ, அந்த மூவரில் கோடிங்கே வராத பிரவீன்குமாருக்கு உள்ளபடி இரண்டு போட்டிருந்தாள். மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லையென்று அவள் போட்ட மார்க்கைத் தள்ளிவிட்ட மேனேஜர், அவளுக்குப் பயிற்சி தரும்படி பிரவீன்குமாரிடமே சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அவன் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தான்.

"அக்கா, நாளைக்கு உங்களுக்கு என்ன சொல்லித் தரணும்னு இன்னைக்கே கொஞ்சம் சொல்லிக் குடுத்துடுங்க."

கோபமாக இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உக்காரு. ஆனா நாளைக்கு எல்லார் முன்னாடியும் நான் டவுட்டு கேப்பேன்."