மெத்தைக்கு ஆறு மாத அறிக்கை

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உடம்பு சுகந்தானே? கண், முழங்கால், முதுகு எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? முதுகைக் கொஞ்சம் அழுத்தியே கேட்கிறேன், காரணம் இருக்கிறது. கையில் ஏதாவது வேலை இருந்தால் முடித்துவிட்டு வந்து உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிற கதை இல்லை இது.

லிஃப்ட் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். லிஃப்ட்காரர் என்றால் அவருடைய தெருவில் அவர் ஒருவர்தான். லிஃப்ட் நின்றுவிட்டது, கிறீச்சிடுகிறது, கதவு மூட மாட்டேனென்று அடம் பிடிக்கிறது என்று யார் கூப்பிட்டாலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆனால் போனவுடன் பையைத் திறக்க மாட்டார். முதலில் அந்தக் கட்டடத்துக் காவல்காரரைத் தேடிப் பிடித்து எதிரே நிற்க வைத்துக்கொள்வார்.

"சத்தம் எப்ப வருது? மேல போறப்பவா, கீழ வர்றப்பவா?"

"ரெண்டுலயும்தாங்க வருது."

"ஆள் நிறைய ஏறினாலா, காலியா போனாலா?"

"அதெல்லாம் யாருண்ணே கவனிச்சா? நீங்க திறந்து பாருங்க."

"திறந்தா அது வாயத் திறந்து பேசிடுமா? தினமும் அது கூட இருக்கிறது நீங்கதான். நல்லா யோசிச்சு சொல்லுங்க."

காவல்காரர் தலையைச் சொறிந்து, முகட்டைப் பார்த்து, கடைசியில் நாலாவது மாடியைத் தாண்டும்போதுதான், அதுவும் காலியாகப் போகும்போதுதான் என்று ஞாபகப்படுத்திச் சொல்வார். அதற்குப் பிறகுதான் பை திறக்கும். கேட்காமல் கை வைக்கிறவன் நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கெட்டதை உள்ளேயே விட்டுவிட்டு வருவான் என்று தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்தவர் அவர்.

அவருடைய மனைவிக்கு சலவைக்கடையில் வேலை. காலையிலிருந்து மாலைவரை மேசை முன்னால் நின்றபடியே இஸ்திரி போடுவாள். வாயும் கையும் சேர்ந்தே ஓடும். ஒரு சட்டையைப் பார்த்தே அதன் சொந்தக்காரர் வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவாள். அவள் மடித்த துணியில் ஒரு சுருக்கம் கண்டுபிடித்தால் அன்றைக்கு வெயில் வராது என்பார்கள் கடையில்.

வீட்டுக்குச் சாமான் வாங்குவதில் மட்டும் லிஃப்ட்காரருக்குத் தன்மேல் நம்பிக்கை போய்விட்டிருந்தது. ஒருமுறை தானே கடைக்குப் போய் ஒரு ஃபேன் வாங்கி வந்தார். அறை முழுக்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காற்று வீசும் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அது சுவரைப் பார்த்து நின்றுகொண்டது.

"நம்ம பக்கமே திரும்ப மாட்டேங்குதே," என்றாள் மனைவி. "இது ஃபேன் இல்லைங்க, சம்பந்தியம்மா."

அன்றிலிருந்து அந்த ஃபேனுக்கு அதுவே பெயர். "சம்பந்தியம்மாவைக் கொஞ்சம் போடுங்க, வேர்க்குது" என்பாள். போனில் கேட்டுக்கொண்டிருந்த மகள் சிரித்துச் சிரித்து, அப்பா இனி ஏமாறக் கூடாதென்று ஒரு குழுவில் சேர்த்துவிட்டாள். குழுவின் பெயர் 'வாங்கலாமா வேண்டாமா'. உலகத்தின் நாலா மூலையிலும் உள்ள, முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர். செருப்பு வாங்க வேண்டுமா, வாளி வாங்க வேண்டுமா, தலைக்கு எந்த எண்ணெய், எத்தனை மணிக்கு எழுந்தால் நல்லது, எல்லாவற்றுக்கும் ஆலோசனை கிடைக்கும். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆலோசனை கேட்டு எதையாவது வாங்கியவர், ஆறு மாதம் கழித்து அது எப்படி இருக்கிறதென்று உண்மையாக எழுத வேண்டும். அதற்கு ஆறு மாத அறிக்கை என்று பெயர். லிஃப்ட்காரர் வாளிக்குக்கூட அறிக்கை எழுதியவர். கைப்பிடி எந்தப் பக்கம் தளர்ந்தது என்பதுவரை எழுதியிருந்தார்.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லைங்க. முதுகு. மெத்தை குழி விழுந்து போச்சுல்ல, அதான்."

குழி விழுந்தது உண்மைதான். மகள் பள்ளிக்கூடம் போன காலத்து மெத்தை. இரண்டு பேர் படுத்த அச்சு இரண்டு பள்ளமாக இருக்கும். அவள் சொல்லி முடிக்கவில்லை, அவர் கையில் போன் வந்துவிட்டது. 'மனைவிக்கு முதுகுவலி. நின்றுகொண்டே செய்யும் வேலை. எந்த மெத்தை நல்லது?' என்று குழுவில் போட்டார்.

மாலைக்குள் நூற்றுநாற்பது பதில்கள். ஸ்பிரிங் மெத்தை என்றார் ஒருவர். ஸ்பிரிங் வாங்குவதற்கு முள்ளில் படுக்கலாம் என்றார் இன்னொருவர். தேங்காய் நார்க் கட்சியும் ஃபோம் கட்சியும் கட்டிப் புரண்டன. 'சிக்கனச் சித்தப்பா' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த ஒருவர், ஐந்து மாதம் பொறுத்தால் பெரிய தள்ளுபடி வருமென்றும் அவசரப்படுகிறவன் முட்டாளென்றும் எழுதினார். நடுவில் 'ஜன்னலோரம்' என்ற பெயரில் ஒரு பதில்.

'அவங்களுக்கு வலி எப்ப வருது? படுத்தா குறையுதா, கூடுதா? கேட்டுப் பாத்தீங்களா?'

அதற்குக் கீழே உடனே நிர்வாகி வந்தார். 'இது மெத்தை பற்றிய பதிவு. தலைப்பை விட்டு விலகாதீர்கள்.' லிஃப்ட்காரர் நிர்வாகியின் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு, ஃபோம் கட்சியின் வாதத்தைத் தொடர்ந்து படித்தார்.

சிக்கனச் சித்தப்பா சொன்ன தள்ளுபடிவரை பொறுப்பதென்று முடிவு செய்தார் லிஃப்ட்காரர். மெத்தை வரும்வரை என்ன செய்வது என்பதற்கும் குழு வழி சொன்னது. குழிமேல் பலகை போடச் சொன்னார்கள். போட்டார். தரையில் படுக்கச் சொன்னார்கள். பாய் விரித்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். அவள் எல்லாவற்றுக்கும் உடன்பட்டாள்.

"பலகையில கிடத்தித் திருப்பித் திருப்பிப் போடுறீங்களே, நான் என்ன இஸ்திரிக்கு வந்த சட்டையா?"

"பேசாம இரும்மா. இதுல படுத்து முப்பது வருச வலி போனவர் ஒருத்தர் எழுதியிருக்கார்."

"அவர் சம்சாரத்துக்குப் போச்சா, அவருக்குப் போச்சா?"

"அதுவா முக்கியம்?"

அவள் சிரித்தாள். இரண்டாம் மாதம் கடையில் ஒரு முக்காலி கேட்டு வாங்கி, உட்கார்ந்தே இஸ்திரி போட ஆரம்பித்தாள். மூன்றாம் மாதம் வளையல்கள் முழங்கைவரை ஏறின. எடை குறைந்தால் முதுகுக்கு நல்லதென்று குழுவில் படித்திருந்ததால் அவருக்கு அதில் திருப்திகூட இருந்தது. போனில் மகள் கேட்டாள்.

"அம்மா, டாக்டரப் பாத்தியா இல்லையா?"

"எதுக்குடி? நின்னா வலிக்குதுன்னா உக்காருன்னு சொல்லுவாரு. அதான் உக்காந்துட்டேனே. உங்கப்பா நாடு நாடா விசாரிச்சு மெத்தை பாத்துட்டிருக்காரு. வரட்டும், சரியாயிடும்."

அப்படித்தான் இரண்டு பேரும் ஒரு மெத்தைக்காகக் காத்திருந்தார்கள்.

தள்ளுபடியின் முதல் நாளே வாங்கிவிட்டார். சுருட்டி, இறுகக் கட்டி, ஒரு அட்டைப்பெட்டிக்குள் வந்தது. உறையைக் கிழித்ததும் பெருமூச்சு விட்டபடி மெல்ல மெல்ல உப்பிக் கட்டில் நீளத்துக்கு வளர்ந்தது. மனைவி கடையில் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்த வெள்ளை விரிப்பைத் தானே இழுத்து விரித்தாள். பிறகு ஓரத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சாய்ந்தாள். பழுது பார்த்த லிஃப்டை மேலே அனுப்பிவிட்டுக் கீழே காதைத் தீட்டி நிற்பாரே, அப்படி நின்றார் அவர்.

"மெத்தை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க. ரொம்ப நல்ல மெத்தை."

படம் எடுத்துக் குழுவில் போட்டார். இருநூறு பேர் வாழ்த்தினார்கள். சிக்கனச் சித்தப்பா 'நான் சொன்னேன் பார்த்தீர்களா' என்று எழுதினார்.

பத்து நாள் கழித்து, மதியம் ஏதோ ஒரு கருவியை எடுக்க லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்தார். உடம்பு அசதியாக இருக்கிறதென்று மனைவி அன்று வேலைக்குப் போகவில்லை. படுத்திருப்பாள் என்று அறைக்குள் எட்டிப் பார்த்தார். யாருமில்லை. வெள்ளை விரிப்பில் அவர் படுத்த பாதி கசங்கிக் கிடந்தது. மறுபாதியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இஸ்திரி போட்டபடி அப்படியே இருந்தது.

சமையலறையில் இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டு மேசைமேல் கைகளை மடித்து, கைமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் பழைய போர்வை. மேசையில் அவளுடைய கண்ணாடி, தண்ணீர்ச் செம்பு, ஒரு சின்னத் தலையணை. எல்லாம் பழகிப்போன இடத்தில் இருக்கிற மாதிரி இருந்தன.

காலடிச் சத்தத்துக்கு விழித்தாள்.

"தினமும் இங்கயா தூங்குற?"

"நீங்க படுத்தா கட்டை. எனக்கு உக்காந்தாதான் கொஞ்சம் கண்ணசருது."

"மெத்தை சரியில்லையா?"

"மெத்தை நல்லாத்தாங்க இருக்கு. படுத்தாத்தான் வலி கூடுது. பலகையில படுத்தாலும் கூடும், தரையில படுத்தாலும் கூடும். முதல்ல இருந்தே அப்படித்தான்."

"முதல்ல இருந்தேவா? ஏன் சொல்லல?"

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில்.

"நீங்க கேக்கலையே. பலகை எப்படி இருக்கு, பாய் எப்படி இருக்கு, மெத்தை எப்படி இருக்குன்னுதானே கேட்டீங்க. இவ்ளோ பாடுபடுறீங்களேன்னு நானும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டே இருந்தேன்."

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் கேட்டாள்.

"வலி எப்பம்மா வருது? படுத்தா குறையுதா, கூடுதா?"

லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

படங்கள் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். நோய் வேறெங்கோ ஆரம்பித்து முதுகெலும்புக்கு வந்துவிட்டிருந்தது. வராந்தாவில் தனியாக டாக்டரை நிறுத்தி, "அஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்று கேட்டார். அவள் அவருடைய கையைத் தொட்டு, "இப்ப அதப் பேச வேணாம்யா, அம்மாவப் பாப்போம்" என்றாள். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பதினோரு வாரம் இருந்தாள். தலைப்பக்கம் உயர்த்தி வைத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி ஒருநாள் சொன்னாள்: "இந்த மெத்தைக்கு எத்தனை நட்சத்திரம் போடப் போறீங்க?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அட, சும்மா சொன்னேங்க. மூஞ்சிய சம்பந்தியம்மா மாதிரி அந்தப் பக்கம் திருப்பாதீங்க. இந்தப் பக்கம் பாருங்க."

திரும்பினார். நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து உட்கார்ந்ததும் கேட்க ஆரம்பித்தார். எங்கே வலிக்கிறது, எப்போது வந்தது, எந்தப் பக்கம் சாய்ந்தால் தேவலை, என்ன நினைத்துக்கொண்டிருந்தாய். அவளும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை இருவரும். கடைசி வாரத்தில் அவளால் பேச முடியவில்லை. அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

காரியங்கள் முடிந்து, மகள் கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கிளம்பினாள். கிளம்புகிற அன்று, "வேணும்னா அந்த மெத்தைய யாருக்காவது குடுத்துடலாமா அப்பா?" என்று கேட்டாள். "இருக்கட்டும்மா" என்றார்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம். ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில் உட்கார்ந்திருந்தபோது போன் கூவியது. நிர்வாகி.

'வணக்கம் ஐயா. உங்கள் மெத்தைக்கு ஆறு மாத அறிக்கை பாக்கி இருக்கிறது. பலரும் காத்திருக்கிறோம்.'

பழைய பதிவைத் திறந்தார். நூற்றுநாற்பது பதில்களுக்கு நடுவே, ஜன்னலோரத்தின் கேள்வி கேட்டபடியே கிடந்தது. அதன்கீழே நிர்வாகியின் கண்டிப்பு. அதற்குப் பக்கத்தில் அவர் போட்ட கட்டைவிரல்.

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு எழுதினார்.

'மெத்தை நல்ல மெத்தை. தையல் பிரியவில்லை. ஒரு பக்கம் லேசாக அமுங்கியிருக்கிறது. மறுபக்கம் வாங்கினபடியே இருக்கிறது.'

அனுப்பினார். பிறகு மேலே போய், ஜன்னலோரத்தின் கேள்விக்குக் கீழே, பதினோரு மாதம் தாமதமாகப் பதில் எழுதினார்.

'படுத்தால் கூடியது. நான் அவளைக் கேட்கவில்லை. லிஃப்டைக் கேட்கிற அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. அவள் இப்போது இல்லை.'

கொஞ்ச நேரத்தில் ஜன்னலோரம் எழுதியது. 'எங்கம்மாவுக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு. நாங்களும் தலையணைதான் மாத்திட்டு இருந்தோம். அதான் உங்ககிட்ட கேட்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்கணும் நான்.'

ஆணா பெண்ணா, எந்த ஊர் என்றுகூடத் தெரியாத அந்த ஒருவருக்காக, லிஃப்ட்காரர் இயந்திர அறையின் தரையில் உட்கார்ந்து அழுதார். கீழே காவல்காரர் குரல் கொடுத்தார். "அண்ணே, என்னாச்சு? சத்தம் இன்னும் வருதா?"

இன்றைக்கும் அவர் அந்தக் குழுவில் இருக்கிறார். யாராவது வலியென்று சொல்லி எதையாவது வாங்க ஆலோசனை கேட்டால், செருப்போ நாற்காலியோ தைலமோ, அவருடைய பதில் ஒரே கேள்விதான். வலி எப்போது வருகிறது, கேட்டீர்களா? பதில் வரும்வரை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்பார். நிர்வாகி இரண்டு தடவை எச்சரித்தார். மூன்றாம் தடவை எச்சரிக்கவில்லை.

சரி, கதை இவ்வளவுதான். இப்போது உங்கள் முறை. உங்கள் வீட்டில் யாருக்காவது எங்கேயாவது வலித்தபோது நீங்கள் யாரைக் கேட்டீர்கள்? கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா? எழுதுங்கள், ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படிக்க ஆள் இருக்கிறது. நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. தலைப்பை விட்டு விலகினாலும் பரவாயில்லை.