தெற்கே நகர்ந்த வீடு

"அடுப்ப அணைக்க வேணாம்மா. அது பாட்டுக்கு எரியட்டும்."

"அணைக்காமலா? வீடு நகரும்போதா?"

"போன வாரம் பாதிரியார் வீட்ட இழுத்துட்டுப் போனோம். அந்தம்மா உள்ள ரொட்டி சுட்டுக்கிட்டே வந்தாங்க. ரொட்டி ஒரு பக்கமாச் சாஞ்சு உப்பிடுச்சு, அவ்வளவுதான்."

"அவங்க வீடு புதுசு. இது நடுவுல பொளந்துக்கும்."

"பொளந்தா ரெண்டு வீடாச்சு. ஒண்ண வாடகைக்கு விட்டுடுங்க."

டுவயர் இதைச் சிரிக்காமல் சொன்னான். வீடுகளைப் பெயர்த்து இழுத்துப் போவதுதான் அவன் தொழில். தர்ஸா வெப் அவனையும், தன் வீட்டுக்கு அடியில் செருகியிருந்த நீண்ட உத்தரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வேலிக்கம்பத்தில் சாய்ந்து நின்ற என்னைப் பார்த்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க, மிஸ்டர் கெண்டல்?"

"என் வீடு நல்லபடியாத்தான் போய்ச் சேந்துச்சு. ஒரு ஜன்னல் கண்ணாடிதான் போச்சு" என்றேன். உண்மையில் இரண்டு.

ரயில் எங்கள் ஊர் வழியாக வரும் என்று வருஷக்கணக்காக நம்பியிருந்தோம். தேவாலயத்தையே பெரிதாகக் கட்டினோம். கடைசியில் தண்டவாளம் ஆறு மைல் தெற்கே போயிற்று. ரயில் வராவிட்டால் ஊர்தான் எழுந்து போக வேண்டும்; நெப்ராஸ்காவில் அப்போது அது ஒன்றும் அதிசயமில்லை. தரை கல்லாக உறைந்திருக்கும் மாதங்களில் டுவயரின் எருதுகள் ஒவ்வொரு வீடாக இழுத்துப் போயின. மளிகைக் கடை போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று, தேவாலயமும் போயிற்று, டிசம்பரில் என் வீடும் சேணப் பட்டறையும் போயின. வீடுகள் இருந்த இடங்களில் வெளுத்த புல் சதுரங்கள் மிச்சமிருந்தன. ஒரு நடைபாதை நேராகப் போய் ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது. அதன் நடுவே தர்ஸாவின் வீடு மட்டும் புகைபோக்கியில் புகையோடு நின்றது.

அவள் அதுவரை வர மறுத்ததன் காரணம் ஊருக்கே தெரியும். அவள் கணவன் லெம்யூல், மேற்கே ரயில் பாதை போடும் கூட்டத்தோடு போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. முதல் வருஷம் இரண்டு கடிதங்கள் வந்தன. அப்புறம் யூட்டாவில் அவனைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான், கலிபோர்னியாவில் பார்த்ததாக இன்னொருவன். இரண்டு பேருமே அவன் தாடி வைத்திருந்ததாகச் சொன்னார்கள். அவள் தாடியை மட்டும் நம்பினாள். "அவருக்குத் தெரிஞ்சது இந்த வீடு இருக்கற இடம்தான். இங்க வந்து வெறும் புல்லப் பாத்துட்டு நிக்கணுமா?" என்று என் வீடு கிளம்பிய அன்று கேட்டாள்.

அந்த ஐந்து வருஷமும் அவள் சமையலறை ஜன்னலுக்கு எதிரில் உட்கார்ந்துதான் நான் சேணம் தைத்தேன். நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்குச் சந்து. அவள் மாவு பிசையும்போது முழங்கை வரை தெரியும். முகம் தெரியாது, கண்ணாடியின் மேல்பாதியில் எப்போதும் ஆவி படிந்திருக்கும். சில சமயம் அந்த ஆவியை விரலால் துடைத்துவிட்டு வெளியே பார்ப்பாள். பார்ப்பது என்னை அல்ல என்று தெரிந்தும், ஊசியைத் தோலில் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். புது ஊரில் 'ரூஃபஸ் கெண்டல்' என்று பலகை மாட்டிய என் பட்டறை ஸ்டேஷனுக்கு நேர் எதிரே அமைந்தது. எல்லோரும் நல்ல இடம் என்றார்கள். எனக்கோ தலை நிமிர்ந்தால் தண்டவாளமும் அதற்கப்பால் வானமும் மட்டும் தெரிவது பழகவேயில்லை. ஒட்டியிருந்த மனையை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று மனை பிரிக்கும் ஆளிடம் சொல்லி வைத்தேன். யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. சிரிக்க மட்டும் செய்தார்.

வீடு கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் ஆராதனைக்காகப் புது ஊருக்கு நடந்தே வந்தாள். முடிந்ததும் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மேற்கிலிருந்து வந்த வண்டி நின்று, ஆட்கள் இறங்கி, பெட்டிகளோடு கலைந்து போகும் வரை உட்கார்ந்திருந்தாள். களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் டுவயருக்கு ஆள் அனுப்பினாள். என் பக்கத்து மனை காலியாக இருப்பதை யாரோ அவளிடம் சொல்லியிருப்பார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்று முழுவதும் தையல் கோணலாகவே விழுந்தது.

எருதுகள் தலையைத் தாழ்த்தி இழுத்ததும் வீடு முதலில் முனகியது. பிறகு, மனசில்லாமல் எழுந்திருக்கும் ஆள்போல அசைந்தது. கொழுப்புத் தடவிய உத்தரங்கள் உறைந்த புல்லின்மேல் வழுக்கின. அவள் உள்ளேயே இருந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். ஜன்னல் வழியாக, விளக்கு விழாமல் ஒரு கையால் பிடித்தபடி அவள் நிற்பது தெரிந்தது. அகலமான சமவெளியில் ஒரு வீடு புகைவிட்டுக்கொண்டே போயிற்று. எங்களைத் தவிர அதைப் பார்க்க யாருமில்லை.

பாதி வழியில், ஒரு மேட்டின்மேல், எருதுகளுக்கு ஓய்வு கொடுக்க டுவயர் நிறுத்தினான்.

"ஏம்ப்பா கெண்டல், வாசல எந்தப் பக்கம் வைக்கணும்னு அந்தம்மாவக் கேட்டுச் சொல்லு. ஸ்டேஷனப் பாத்தும் வைக்கலாம், உன் வீட்டப் பாத்தும் வைக்கலாம். எறக்குனப்புறம் திருப்பச் சொன்னா என் எருதுங்க என்னத் திட்டும்."

"நானா கேக்கறது?"

"பின்ன? என் பக்கத்து மனையா காலியா இருக்கு?"

படி இல்லாததால் வாசலில் கையூன்றித்தான் ஏற வேண்டியிருந்தது. அவள் கை கொடுத்தாள். அந்தக் கையை அவ்வளவு அருகில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கட்டை விரலில் பழைய தீக்காயம் இருந்தது. காபி ஊற்றிக் கொடுத்தாள். தரை சாய்ந்திருந்ததால் கோப்பையை மேஜையில் வைக்க முடியவில்லை. இருவரும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றோம். இந்த வீட்டுக்கு இப்போது ஊர் இல்லை, தெரு இல்லை, திரும்பி வருபவன் தட்டுவதற்கான இடமும் இல்லை. அந்த மேட்டிலேயே அது நின்றுவிட்டால் போதும் என்று தோன்றியது.

"வாசல் எந்தப் பக்கம்னு டுவயர் கேக்கறாரு. ஸ்டேஷன் பக்கமா, இல்ல..." கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "எங்க வீட்டுப் பக்கமா?"

"உங்க வீட்டப் பாத்தே வைக்கச் சொல்லுங்க."

யோசிக்கக்கூட இல்லை அவள். காபி என் நாக்கைச் சுட்டது, நான் குடித்துக்கொண்டே இருந்தேன்.

"ஸ்டேஷன் பக்கம் வேணாம். ஞாயித்துக்கிழமை அந்த பெஞ்சுல உக்காந்து பாத்தேன். எறங்கற ஒவ்வொரு ஆம்பளையும் மூஞ்சியத் திருப்பற வரைக்கும் அவராவே இருக்காரு. திருப்புனதும் இல்லாமப் போயிடறாரு. தினமும் ரெண்டு வண்டி. என்னால முடியாது."

வெளியே டுவயர் எருதுகளை அதட்டினான். சங்கிலி இறுகும் சத்தம் கேட்டது. வீடு குலுங்கியது. அவள் விழாமலிருக்க என் சட்டைக் கையைப் பிடித்தாள், விடவில்லை. ஜன்னலில் சமவெளி மெல்லப் பின்னால் நழுவத் தொடங்கியது.

"நீங்க எப்படியும் ஸ்டேஷனப் பாத்துத்தான் உக்காந்து தைக்கறீங்க. அவருக்கு வலது தோள் கொஞ்சம் எறங்கியிருக்கும். இப்ப தாடி வேற இருக்கும். எறங்கினா நேரா இங்க கூட்டிட்டு வந்துடுங்க, ரூஃபஸ். கூட்டிட்டு வருவீங்களா?"