மன்னிச்சிட்டாராம்

கதவைச் சாத்தச் சொன்ன வெள்ளைக்காரச் சாமி, அருள்ஜோதி வெளியே போகத் திரும்பியதும் கைகாட்டி நிறுத்தினார். பங்குச் சாமி மலாக்காவுக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்த இவருக்குத் தமிழில் தெரிந்ததெல்லாம் "நல்லாருக்கியா" ஒன்றுதான். அதையும் சாகக் கிடக்கிற அப்பாவிடம் கேட்டுத் தொலைத்திருந்தார். அப்பா அருளானந்தத்துக்கோ தமிழை விட்டால் துறைமுகத்து மலாய். சாகுமுன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தை மகள்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

"இங்கே கேட்பதைச் சாகும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது," என்றார் சாமி. கான்வென்ட்டில் படித்தவளுக்கு அது தெரியும். தலையாட்டினாள். குடித்தது, பொய் சொன்னது, பூசைக்குப் போகாதது என்று முதலில் வழக்கமானவைதான் வந்தன.

பிறகு அப்பா கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"இயேசுதாசனை ஜப்பான்காரன் தெருவுல பிடிக்கலம்மா. சயாம் ரயில் வேலைக்கு வீட்டுக்கு ஒரு ஆள்னு வந்தான். என் பேருதான் இருந்துச்சு. நான் பரண்ல ஒளிஞ்சுக்கிட்டேன். 'நீ போய்ட்டு வாடா, மூணு மாசந்தான்'னு உங்கண்ணனை அனுப்பிட்டேன்."

அண்ணன் போய்ப் பதினைந்து வருஷம். மகன் வந்துவிடுவான் என்று அம்மா தினமும் ஒரு கைப்பிடி அரிசி கூடப் போட்டு உலை வைத்தாள்; அப்படி வைத்தே செத்துப்போனாள். மிஞ்சிய சோற்றை மறுநாள் கரைத்துக் குடித்தது இந்த அப்பாதான்.

"என்ன சொல்கிறார்?" என்றார் சாமி.

ஒரு சொல்லை விழுங்கினால் போதும், அப்பா அந்தப் பாவத்தோடேயே போய்ச் சேருவார். ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது யார் வீட்டுப் பிள்ளைக்கோ நடந்ததுபோல் இருந்தது.

சாமி லத்தீனில் முணுமுணுத்துச் சிலுவை வரைந்தார். "பாவம் மன்னிக்கப்பட்டது என்று அவரிடம் சொல்."

"சாமி மன்னிச்சிட்டாராம்," என்றாள்.

அந்த 'ராம்' அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. அவள் தான் நம்பாத ஊர்ப்பேச்சை ஒப்பிக்கும்போது போடுகிற 'ராம்'. அவர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"சாமி சரிம்மா... நீ?"

அவள் தேடினாள். நிஜமாகவே தேடினாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"தண்ணி வேணுமாப்பா?"

கரண்டியால் ஊட்டிய தண்ணீர் கடைவாயில் வழிந்தது. சாமி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் அப்பாவும் போய்விட்டார். கண்கள் அவள் பக்கமே திரும்பியிருந்தன, அவள்தான் மூடினாள்.

மறுநாள் பிடாடரிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வண்டி வந்து நின்றது. கீழ்வீட்டு ரத்தினம்மா மூக்கைச் சிந்தினாள்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணி, எண்ணெய் பூசிக்கிட்டு... இந்தப் பாக்கியம் எல்லாருக்குமா கிடைக்கும்? நல்ல மரணம் லா. இயேசுதாசன் மட்டும் இருந்திருந்தா தலைமாட்டுல நின்னிருப்பான். பாவம், தெருவுல போன புள்ளைய இழுத்துட்டுப் போனானுங்களே!"

"ஆமாக்கா," என்றாள் அருள்ஜோதி. இனி ஆயுசுக்கும் அப்படித்தான் சொல்லியாக வேண்டும்.

பெட்டியை மூடுமுன் ஒவ்வொருவராகக் குனிந்து நெற்றியில் உதடு பதித்து முத்தி செய்தார்கள். கடைசியாக மகளுக்கு வழிவிட்டார்கள். அவள் குனிந்தாள். அப்பாவின் கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. அதைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மூடிடலாம்."