சாரம் துளிர்த்த டென்பி ஹவுஸ்

டென்பி ஹவுஸைச் சுற்றிப் பழுதுவேலைக்காகக் கட்டி நின்ற சாரம் நான்காம் வருடம் மார்ச் மாதத்தில் துளிர் விட்டது. மூன்றாம் மாடியில் லோர்னா பிரிம் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, இரண்டு இரும்புக் குழாய்களைப் பிணைத்த கவ்வியின் இடுக்கில்தான் முதல் துளிர் தெரிந்தது. அதே வாரத்தில் பஸ் நிறுத்தம் தெருமுனைக்கு மாறியது. மீன் வறுவல் கடையில் காட் மீனின் விலையும் ஏறியது. மூன்றில் லண்டனின் டெப்ட்ஃபோர்டு வட்டாரம் அதிகம் பேசியது மீனைப் பற்றித்தான்.

டென்பி ஹவுஸ் ஐந்து மாடிச் செங்கல் கட்டடம். ஒருகாலத்தில் முழுக்க நகராட்சிக் கவுன்சிலுக்குச் சொந்தம். அத்தனை பேரும் கவுன்சிலுக்கு வாடகை கொடுத்துக் குடியிருந்தார்கள். பிறகு குடியிருப்பவர்களே சலுகை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது சிலர் வாங்கினார்கள், விற்றார்கள், ஸ்பெயினுக்குப் போனார்கள். அப்படிக் கைமாறிய வீடுகளில் ஒன்றை லோர்னா ஐம்பத்தொரு வயதில் வாங்கினாள். பல் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் இருபது வருடம் மற்றவர்களின் வலியைக் குறித்துக்கொண்டு சேர்த்த பணம், மிச்சத்துக்கு வங்கிக் கடன். பத்திரத்தில் எழுதியிருந்தது இதுதான்: சுவரின் காரைப்பூச்சிலிருந்து உட்பக்கம் இருப்பது அவளுடையது. செங்கல், கூரை, ஜன்னல் சட்டம், படிக்கட்டு எல்லாம் கவுன்சிலுடையது. அவற்றைப் பழுதுபார்க்கும் செலவில் மட்டும் அவளுக்குப் பங்கு உண்டு. யோசித்துப் பார்த்தால் அவள் வாங்கியது கொஞ்சம் சுண்ணாம்பும் நிறையக் காற்றும்.

யோசிக்கச் சொல்லி, பத்திரம் பார்த்த வக்கீல் பெண் முன்பே போன் செய்யத்தான் செய்தாள். "கூரை வேலை ஒண்ணு பெருசா வருதுன்னு கவுன்சில்ல சொல்றாங்க. எவ்வளவு ஆகும்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்களேன்." லோர்னா அப்போது காலி சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். சாயங்கால வெயில் தொட்டிக்குழாயில் பட்டு, எதிர்ச்சுவரில் ஒரு மஞ்சள் துண்டாக ஆடிக்கொண்டிருந்தது. "அப்புறம் கேட்டுக்கலாம்மா," என்றாள். லண்டனில் பழைய கவுன்சில் வீடு வாங்குகிற எல்லோரும் செய்கிற தவறுதான். ஆளுக்கு ஆள் வெயில் படுகிற இடம்தான் மாறும்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவள் எதையும் பழுதுபார்த்ததில்லை. ஒழுகுகிற குழாயோடு மூன்று மாதம் வாழ்வாள், பிறகு வீடு மாறிவிடுவாள். வாடகை வீடுகளில் அது சுலபம். கிராய்டனில் கிளைவ் என்றொரு கணவன் இருந்தான், கெட்டவனில்லை. ஒருநாள், "நமக்குள்ள ஏதோ சரியில்ல லோர்னா, உக்காந்து சரி பண்ணிக்கலாம்," என்றான். சரி பண்ணுவது என்றால் என்ன செய்வார்கள் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. அந்த வாரக் கடைசியில் பெட்டியைக் கட்டினாள். டென்பி ஹவுஸில் சாவியை வாங்கியபோது, இனிப் போக வேறு இடம் இல்லை என்பது முதலில் பயமாகவும் பிறகு மெல்ல ஒரு சுகமாகவும் இருந்தது.

ஆறாவது மாதம் கவுன்சிலின் அறிவிப்பு வந்தது. கூரை மாற்றம், சுவர் விரிசல், சாரம்: அவள் பங்கு முப்பத்தெட்டாயிரம் பவுண்டு. கருத்து இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதலாம். எழுதினாள். "உங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது," என்று பதில் வந்தது. எல்லோருக்கும் அதே பதில்தான். நான்காம் மாடிக்காரர் கருத்துக்குப் பதிலாக ரொட்டி செய்முறை ஒன்றை அனுப்பிப் பார்த்தார், அதுவும் கவனத்தில் கொள்ளப்பட்டது. பிறகு சாரம் வந்தது. கட்டடத்தை இரும்புக் குழாயாலும் பலகையாலும் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார்கள். வேலைக்கு எடுத்த கம்பெனி திவாலானது. கூரை அப்படியே ஒழுகியது. சாரத்தைக் கொடுத்த வேறொரு கம்பெனிக்கு மட்டும் வாராவாரம் வாடகை ஏறி, அதுவும் அவள் கணக்கில் சேர்ந்துகொண்டே வந்தது.

பக்கத்து வீட்டு டெஸ் டாபின் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், பிறந்ததிலிருந்து கவுன்சில் வாடகைதாரர். அதே கூரை, அதே ஒழுகல், ஆனால் அவருக்கு ஒரு பென்னி செலவில்லை. படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம், "ஓனரம்மா, என் ரூம்ல சொட்டுது. உன் சொத்தைக் கொஞ்சம் ஒழுங்கா வெச்சுக்கக் கூடாதா?" என்பார்.

"போய்யா. கூரை கவுன்சிலோடது."

"அப்போ நீ எதுக்குக் காசு கட்டுற?"

"அது தெரிஞ்சா நான் ஏன்யா உன் பக்கத்துல குடியிருக்கேன்?"

டெஸ் சிரித்து, இருமி, மறுபடி சிரிப்பார். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் லோர்னாவுக்குச் சிரிப்பு நின்றுவிடும். அவ்வளவு பணம் அவளிடம் இல்லை. கட்டாவிட்டால் வீடு போகும். அந்த மஞ்சள் துண்டு வெயிலும் மூன்று வருடமாக இல்லை. சாரத்தின் பலகை மறைத்துவிட்டது.

துளிரைப் பார்த்த அன்று அவள் அதிகம் ஆச்சரியப்படவில்லை. நான்கு வருடம் ஒரே இடத்தில் நின்றால் யாருக்கும் வேர்விடத் தோன்றும் என்று நினைத்தாள். குவளையில் ஆறிப்போன தேநீர் இருந்தது. ஜன்னலைத் திறந்து அதை ஊற்றினாள். ஏன் ஊற்றினோம் என்று பிறகு பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸிலும் யோசித்துப் பார்த்தாள். இரக்கம் இல்லை. தன்னை அழிக்க வந்து நிற்பதற்கு இரங்குமளவு அவள் நல்லவளும் இல்லை. வாடி உதிர்வதற்கு முன்பே ஒன்றை விட்டுப் போவதுதான் அவள் வழக்கம். இதை விட்டுப் போக இடமில்லை, அவ்வளவுதான். மறுநாளும் ஊற்றினாள். மே மாதத்தில் குழாய்கள் பழுப்பாகிப் பட்டை கட்டின, கவ்விகள் கணுக்களாயின. ஜூனில் நடைபலகைகளின் விளிம்பெல்லாம் இலை. தபால்காரர் கிளைகளை விலக்கிக்கொண்டு மேலே வந்தார். நனையாமல் வரமுடிவதாகச் சொன்னார்.

ஜூலையில் இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தன. சாரத்தில் முளைத்ததை வெட்டி, புதுச் சாரம் கட்டி, வேலையை மறுபடி தொடங்கப்போவதாகக் கவுன்சிலின் பழுதுவேலைத் துறை சொன்னது. வெட்டுக்கூலியும் அவள் கணக்கில். முப்பது நாள். மற்றது வீட்டுத் தரகர் ஒருவரின் போன். மரம் போய்விட்டால் வீட்டை ரொக்கமாக வாங்க ஆள் இருக்கிறார், விலை அடிமாட்டு விலைதான், ஆனால் கடனெல்லாம் தீர்ந்து அவள் கையில் ஒரு சிறு தொகை மிஞ்சும். "யோசிக்காதீங்க மேடம், இந்த மாதிரி வீட்டுல மாட்டிக்கிட்டவங்க பல பேரு. இறங்கிடுங்க," என்றார் தரகர்.

இறங்குவது அவளுக்குத் தெரிந்த வேலை. பெட்டிகள் கட்டில் அடியில்தான் இருந்தன. ஒன்றை வெளியே இழுத்துத் திறந்தும் வைத்தாள். உள்ளே கிராய்டனிலிருந்து கொண்டுவந்து ஒருபோதும் வெளியே எடுக்காத திரைச்சீலைகள் மடித்தபடி இருந்தன. எந்த வீட்டு ஜன்னலுக்கும் அவள் அவற்றை மாட்டியதில்லை. போகப்போகிற வீட்டுக்கு எதற்கு என்று எல்லா வீட்டிலும் தோன்றியிருக்கிறது. தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரைச்சீலைகளை எடுத்துக் கட்டில்மேல் போட்டுவிட்டு, கவுன்சிலுக்கு போன் செய்தாள். பழுதுவேலைத் துறைக்கு அல்ல, மரங்கள் துறைக்கு. அந்த இரண்டு துறைகளும் ஒரே மாடியில், ஒரே காபி இயந்திரத்தின் இரண்டு பக்கமும் இருந்தன. ஒன்றோடொன்று பேசிக்கொண்டதாகத் தகவல் இல்லை. ஒரு மரத்தைக் காப்பாற்றும்படி இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் மரங்கள் துறையைக் கேட்கலாம். காப்பு உத்தரவு போட்டுவிட்டால் அரசரே வந்தாலும் ஒரு கிளை ஒடிக்க முடியாது.

ஹெஸ்டர் லாம் என்ற அதிகாரி சைக்கிளில் வந்தாள். பட்டையைத் தட்டிப் பார்த்தாள், இலையைக் கசக்கி முகர்ந்தாள், அடியில் வேர் செங்கலுக்குள் போகும் இடத்தில் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் இருந்தாள்.

"எத்தனை வயசு இருக்கும்?" என்று கேட்டாள்.

"நாலு," என்றாள் லோர்னா. "ஆனா வாராவாரம் வாடகை கொடுத்து வளர்த்தது."

"இது என்ன ஜாதின்னு எழுதறது?"

பின்னால் நின்ற டெஸ் சொன்னார்: "சாரம்னு எழுதுங்க தாயி. நாங்க அப்படித்தான் கூப்பிடுறோம்."

ஹெஸ்டர் அப்படியே எழுதினாள். அடிமரத்தில் காப்பு உத்தரவு எண் பொறித்த ஒரு சிறிய தகரத் துண்டைக் கட்டிவிட்டுப் போனாள்.

அதன்பின் வருடங்கள் வேகமாகப் போயின. பழுதுவேலைத் துறை வெட்ட வேண்டும் என்றது, மரங்கள் துறை தொடக்கூடாது என்றது. பதினெட்டு மாதம் இரண்டும் ஒன்றன் கருத்தை ஒன்று கவனத்தில் கொண்டன. சாரக் கம்பெனி தன் குழாய்களைத் திரும்ப எடுக்க ஆள் அனுப்பியது. மேஸ்திரி ஒரு கிளையைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க பைப்பு இல்லீங்க," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பைப்பு இல்லையென்றால் வாடகையும் இல்லை. நான்கு வருட வாடகையைக் கணக்கிலிருந்து அடித்தார்கள். கூரையைச் சோதிக்க வந்த பொறியாளர் அடைமழையில் இரண்டு மணி நேரம் நின்றார். மேல் கிளைகள் மழையை அந்தரத்திலேயே குடித்துவிட்டன. அவர் தொப்பி நனையவில்லை. வேர்கள் விரிசல்களில் ஊசிநூல் போல் ஓடிச் சுவரைத் தைத்திருந்தன. பழுது எதுவும் காணவில்லை என்று எழுதினார். செய்யாத வேலைக்குப் பணம் கேட்கச் சட்டத்தில் வழியில்லை. ஒரு வெள்ளிக்கிழமை லோர்னாவின் முப்பத்தெட்டாயிரம் பவுண்டு ரத்தானது. அன்று அவள் மீன் வறுவல் வாங்கி, பாதியை டெஸ்ஸுக்குக் கொடுத்தாள்.

"என் ரூம்ல சொட்டறது நின்னு போச்சு," என்றார் டெஸ், கொஞ்சம் குறையாக. "தூக்கமே வர மாட்டேங்குது."

இப்போது வருடாந்தரக் கணக்கில் மரப் பராமரிப்பு என்று ஒரு வரி வருகிறது, அவள் பங்கு நான்கு பவுண்டு. பேசாமல் கட்டிவிடுகிறாள். தெருவில் மற்ற கட்டடங்களில் வீடு விற்பவர்கள் "சாரம் நட்டாயிற்று" என்று விளம்பரத்தில் போடுகிறார்கள், பெரும்பாலும் பொய். இலை உதிர்காலத்தில் டென்பி ஹவுஸ் முழுக்கச் செம்பழுப்பாகும். அப்போது பலகை மறைத்த வெயில் இலையிடுக்குகள் வழியாக வந்து சமையலறைச் சுவரில் நூறு துண்டாக ஆடும். ஜன்னலில் கிராய்டன் திரைச்சீலைகள் தொங்குகின்றன. நீளம் கொஞ்சம் குறைவு.

போன செப்டம்பரில் ஒரு கிளை, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. முழங்கை நீளம், ஆறேழு பழம். சாரத்தின் பழம் பிளம் மாதிரி இருக்கும், கடைசியில் லேசாக இரும்பு ருசிக்கும். லோர்னா பத்திரத்தை எடுத்துப் பார்க்கவில்லை, அது அவளுக்கு மனப்பாடம். காரைப்பூச்சிலிருந்து உட்பக்கம் இருப்பது அவளுடையது. கடைக்குப் போய் ஒரு சிறிய பொட்டலம் காரைப்பொடியும் ஒரு பூச்சுக் கரண்டியும் வாங்கிவந்தாள். எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் முதலில் கஞ்சியாக்கினாள், பிறகு கல்லாக்கினாள், மூன்றாம் முறை பதம் வந்தது. கிளையைச் சுற்றி உடைந்திருந்த இடத்தை மெதுவாகப் பூசினாள். கிளை பருக்கும் என்பதால் ஒரு விரல் இடம் விட்டாள். கோணல்மாணலாகத்தான் வந்தது. கை கழுவாமல் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"ஓனரம்மா," என்றார் டெஸ் வெளியிலிருந்து, "பழம் பழுத்துச்சா?"

"நாலு நாள் ஆகும்," என்றாள் லோர்னா. "உள்ள வாய்யா. சுவத்தைத் தொடாத, ஈரம்."